நிபுணருக்கு யார் காசு கொடுத்தது? பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்பவர்களின் கம்பனித் தொடர்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பாராளுமன்றக் குழுக்களைப் பற்றிப் பேசும் சிறிய கூட்டங்களுக்குப் போனால், வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, கடைசியில் எழும்பிக் கேட்கப்படும் சந்தேகங்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். "நிபுணர் ஒருவர் குழுவிடம் தெரிவித்தார்" என்று செய்தி வருகிறதே, அந்த நிபுணர் யாருடைய ஆள், அதை அவர் சொல்ல வேண்டுமா, சொல்லாவிட்டால் என்ன. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

1. விஞ்ஞான ஆலோசகர் என்றால் யார்? அமைச்சருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளா?

அவரும்தான், ஆனால் அவர் மட்டுமில்லை. ஒரு சட்டமூலம் வரும்போது துறைசார் மேற்பார்வைக் குழு ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கலாம். அமைச்சு ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்து, அதன் அறிக்கை எம்பிமாரின் கைக்கு வரலாம். ஒரு வைத்தியர் சங்கமோ விவசாய விஞ்ஞானிகளின் அமைப்போ எழுத்தில் சமர்ப்பணம் கொடுக்கலாம். சட்டம் செய்பவர்களுக்கு "விஞ்ஞானம் இப்படித்தான் சொல்கிறது" என்று சொல்லும் எல்லாரையும் இங்கே ஆலோசகர் என்கிறேன், பதவிப் பெயர் இருக்கிறதோ இல்லையோ.

பாராளுமன்றத்தில் இருக்கும் 225 பேரும் இரசாயனமும் மருந்தியலும் படித்திருக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் தெரிந்தவரைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தெரிந்தவரை நம்புவதைவிட அவர்களுக்கு வேறு வழி குறைவு, அதனால்தான் இந்த விஷயத்தை இவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

2. தொடர்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? கம்பனியில் சம்பளம் எடுப்பதையா?

சம்பளம் மிக எளிதாகத் தெரிகிற தொடர்பு, ஆகவே பெரிய பிரச்சினை அதில் வருவதில்லை. தெரியாமல் போவது மற்றவைதான்: ஆலோசனைக் கட்டணம், ஆய்வுகூடத்துக்குக் கிடைத்த இயந்திரம், மாணவர்களின் புலமைப்பரிசில், வெளிநாட்டு மாநாட்டுக்கான டிக்கெட்டும் ஹோட்டலும், விரிவுரைக்குக் கொடுத்த தொகை, பங்குகள், காப்புரிமை, கணவன் அல்லது மனைவி அந்தக் கம்பனியில் பார்க்கும் வேலை, ஓய்வுபெற்ற பிறகு தருவதாகப் பேசி வைத்த பதவி.

ஆராய்ச்சி நிதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பல்கலைக்கழகத்தின் கணக்குக்குத்தான் வரும், பேராசிரியரின் பைக்குள் ஒரு சதமும் போகாது, அதனால் "நான் யாரிடமும் காசு வாங்கவில்லை" என்று அவர் மனசாட்சியோடு சொல்லலாம். ஆனால் அந்த நிதி நின்றால் அவருடைய ஆய்வுகூடம் நின்றுவிடும். ஆகவே அதுவும் தொடர்புதான்.

3. அண்ணா, கம்பனிக் காசு வாங்கினவர் கம்பனிக்குத்தானே கதைப்பார்? அப்படியான ஆளை ஏன் கூப்பிட வேண்டும்?

எல்லா நேரமும் அப்படியில்லை. கம்பனியோடு வேலை செய்த பலர் நேர்மையானவர்கள், சில விஷயங்களை அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளும் கிடையாது. ஒரு தடுப்பூசி தொழிற்சாலையில் எந்தக் கட்டத்தில் பழுதாகும் என்பதை அங்கே நின்று பார்த்தவர்தான் சொல்லலாம். எனவே கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, யார் என்று தெரிந்துகொண்டு கூப்பிடச் சொல்கிறேன்.

அதேநேரம் சாய்வு என்பது உண்மையாகவே அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் சிகரெட் புகையைப் பற்றி எழுதப்பட்ட 106 மீளாய்வுக் கட்டுரைகளை அமெரிக்காவில் பார்ன்ஸ், பெரோ என்ற இருவர் எடுத்துப் பார்த்து 1998இல் வெளியிட்டார்கள். புகையால் தீங்கில்லை என்று முடித்தவை 39. அதில் 29ஐ எழுதியவர்களுக்குச் சிகரெட் கம்பனிகளோடு தொடர்பு இருந்தது. இவர்கள் ஒவ்வொருவரும் உட்கார்ந்து பொய் எழுதினார்கள் என்று எடுக்கத் தேவையில்லை. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதைத் தரமில்லை என்று ஒதுக்குவது, "இன்னும் தெளிவில்லை" என்ற வசனத்தை எங்கே வைப்பது, இப்படிச் சின்னச் சின்ன முடிவுகளில்தான் சாய்வு நுழைகிறது, பல நேரம் எழுதுபவருக்கே தெரியாமல்.

4. விஞ்ஞானம் விஞ்ஞானம்தானே? தரவு சரியென்றால் யார் காசு கொடுத்தால் என்ன?

தரவு முழுவதும் மேசையில் இருந்து, அதைச் சோதிக்க ஆளும் நேரமும் இருந்தால் இந்த வாதத்தில் நியாயம் உண்டு. பாராளுமன்றக் குழுவிடம் இரண்டும் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது ஒருவர் சுருக்கிச் சொன்ன சாராம்சம், அதில் எதைச் சுருக்கினார் எதை விட்டார் என்பது சொல்பவரின் கையில்.

சீனியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1967இல் ஹார்வர்ட் விஞ்ஞானிகள் மூவர் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஒரு மீளாய்வு எழுதினார்கள், இருதய நோய்க்குக் கொழுப்பைக் காட்டி, சீனிக்கு எதிரான சான்றுகளைக் குறைத்து மதிப்பிட்டு. அதற்கு அமெரிக்கச் சீனி உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டொலர் கொடுத்திருந்தது. ஆய்வாளர்கள் அந்த அமைப்பின் பழைய கடிதங்களைத் தேடிப் பிடித்து 2016இல் வெளியிட்ட பிறகுதான் இது உலகத்துக்குத் தெரிந்தது, அதாவது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து. அந்த நாளில் நிதி எங்கிருந்து வந்தது என்று எழுதச் சஞ்சிகைகள் கேட்கவில்லை, அந்தச் சஞ்சிகை 1984இல்தான் கேட்கத் தொடங்கியது. எழுதிய மூவரில் ஒருவரான ஹெக்ஸ்டெட், 1977இல் அமெரிக்க செனட் குழு வெளியிட்ட உணவு இலக்குகளுக்கும் ஆலோசனை சொன்னவர். நியாயமாகச் சொல்வதென்றால் அந்த இலக்குகள் சீனியையும் குறைக்கத்தான் சொன்னன. ஆகவே அவரைக் கம்பனியின் பொம்மை என்று சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் ஆலோசனை கேட்ட செனட்டர்கள், பத்து வருடத்துக்கு முன்னர் யாருடைய பணத்தில் எழுதினார் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

5. ஒரு குழுவில் முப்பது பேர் இருப்பார்கள். இரண்டு மூன்று பேருக்குத் தொடர்பு இருந்தால் முடிவு மாறிவிடுமா?

மாறியிருக்கிறது, எண்ணிக்கையோடு காட்டலாம். வயொக்ஸ் என்ற வலிநிவாரணியை மாரடைப்பு ஆபத்து காரணமாக மேர்க் கம்பனி 2004 செப்டெம்பரில் சந்தையிலிருந்து எடுத்தது. அடுத்த பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 32 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவைக் கூட்டி, வயொக்ஸை மீண்டும் விற்கலாமா, அதே வகையைச் சேர்ந்த பெக்ஸ்ட்ராவை விற்பனையில் வைத்திருக்கலாமா என்று கேட்டது. வயொக்ஸுக்கு ஆதரவாக 17, எதிராக 15. பெக்ஸ்ட்ராவுக்கு ஆதரவாக 17, எதிராக 13, இரண்டு பேர் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை.

சில நாட்களில் வெளிவந்தது: அந்த 32 பேரில் 10 பேர் இந்த மருந்துகளைச் செய்யும் கம்பனிகளோடு அண்மைக் காலத்தில் தொடர்பு வைத்திருந்தவர்கள். இரண்டு மருந்துக்கும் அந்தப் பத்துப் பேரின் வாக்கு ஒன்பதுக்கு ஒன்று என்று ஆதரவாகப் போயிருந்தது. அவர்களை எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள், வயொக்ஸ் 8க்கு 14 என்று தோற்கிறது, பெக்ஸ்ட்ரா 8க்கு 12 என்று தோற்கிறது. மற்ற 22 பேரின் கருத்து தெளிவாக எதிர்ப்பக்கம் இருந்தும் குழுவின் பெயரில் வெளியே போனது ஆதரவு முடிவு. கடைசியில் வயொக்ஸ் திரும்பி வரவில்லை, பெக்ஸ்ட்ராவும் அதே ஆண்டு ஏப்ரலில் சந்தையை விட்டுப் போனது. ஆனால் அந்த வாக்கெடுப்பு அன்று தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு "நிபுணர்கள் ஏற்றுக்கொண்டார்கள்" என்றுதான் கேட்டிருக்கும்.

6. குழுவுக்கு முன்னால் பொய் சொன்னால் குற்றம்தானே? பிறகு தொடர்புகளை எழுதிக் கொடுக்க எதற்குத் தனியாக ஒரு படிவம்?

சொல்லாமல் விடுவது பொய் இல்லை என்பதால். 1994 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவின் ஏழு சிகரெட் கம்பனித் தலைவர்கள் காங்கிரஸ் துணைக்குழு முன் சத்தியம் செய்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். அது எவ்வளவு மோசமான சாட்சியமாக இருந்தாலும், பேசுபவர் யார் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், கேட்பவர் தன் சந்தேகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்.

ஆபத்தானது மற்ற வகை. வில்லி சூன் என்ற விண்ணியல் ஆய்வாளர் காலநிலை மாற்றத்துக்கு மனிதனைவிடச் சூரியனே காரணம் என்று எழுதி வந்தவர், சட்டமன்றக் குழுக்கள் முன்னும் பேசியவர். பத்து வருடத்தில் எரிபொருள், மின்சாரக் கம்பனிகள் பக்கமிருந்து அவருடைய ஆராய்ச்சிக்கு 12 லட்சம் டொலருக்கு மேல் வந்திருந்ததும், பல கட்டுரைகளில் அது சொல்லப்படாததும் 2015இல் வெளியானது. நிதி தந்தவர்களுக்கு எழுதிய அறிக்கைகளில் தன் கட்டுரைகளையும், காங்கிரஸுக்குத் தயாரித்த சாட்சியத்தையும்கூட, ஒப்பந்தப்படி செய்து கொடுத்த வேலை என்ற கணக்கில் அவர் காட்டியிருந்தார். இதெல்லாம் தெரியவந்தது தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்ற ஆவணங்களால். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

7. மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1997 முதல் ஒரு விதி இருக்கிறது. அரசுக்கு வெளியிலிருந்து வரும் சாட்சி, தனக்குக் கிடைத்த மத்திய அரசின் மானியங்களையும் ஒப்பந்தங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு வெளிநாட்டு அரசுகளின் பணமும் சேர்க்கப்பட்டது, 2021இல் விஷயத்தில் அக்கறையுள்ள அமைப்பில் பொறுப்பு வகிக்கிறாரா என்ற கேள்வியும் வந்தது. ஆனால் கவனியுங்கள், கம்பனி கொடுத்த ஆராய்ச்சிப் பணத்தை அந்த விதி கேட்கவில்லை. அரசின் பணத்தைச் சொல்ல வேண்டும், எண்ணெய்க் கம்பனியின் பணத்தைச் சொல்லத் தேவையில்லை. படிவம் இருந்தால் போதாது, அதில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிவுக்குழுக்களுக்கு நியமிக்கப்படும் விசேட ஆலோசகர்கள் தங்கள் நலன்களை அறிவிக்க வேண்டும், அது குழுவின் குறிப்பில் வெளியாகும். இருந்தும் கோவிட் தொடங்கியபோது அரசுக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற பெயர்களே 2020 மே வரை வெளியிடப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2009 பன்றிக்காய்ச்சலின்போது தன் அவசரக் குழுவின் பெயர்களை மறைத்து வைத்திருந்தது. பரவும் காய்ச்சலுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைப் பாவிப்பது பற்றிய நிறுவனத்தின் 2004 வழிகாட்டியை எழுதியவர்களில் சிலருக்கு அந்த மருந்துகளைச் செய்யும் கம்பனிகளோடு பணத்தொடர்பு இருந்ததைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை 2010இல் எழுதியது. அதற்குள் பல அரசுகள் அந்த மருந்துகளை வாங்கிக் குவித்துவிட்டன.

8. இலங்கையில் இதற்குச் சட்டமே இல்லையா?

துண்டு துண்டாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த வருடம் செப்டெம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. சொத்துப் பிரகடனத்தைப் புதுப்பித்ததோடு, நலன் முரண்பாட்டையும் குற்றமாக்கியது. சபைகளையும் அதிகார சபைகளையும் உருவாக்கும் நம் சட்டங்களில் வழக்கமாக ஒரு பிரிவும் வரும்: முடிவு ஒன்றில் நேரடியாகவோ மறைமுகமாகவோ அக்கறையுள்ள உறுப்பினர் அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும், அது கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும், அந்த விஷயத்தில் அவர் கலந்துகொள்ளக் கூடாது. சிகரெட் விஷயத்தில் கூடுதலாக ஒரு கடப்பாடு உண்டு. நாம் 2003இல் ஏற்று உறுதிசெய்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 5.3ஆம் உறுப்புரை, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைக் கைத்தொழிலின் நலனிலிருந்து காப்பாற்றச் சொல்கிறது.

இவை எல்லாம் பதவியில் இருப்பவரைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. ஒரு நாள் கோட்டேக்கு வந்து அரை மணித்தியாலம் குழுவுக்கு விளக்கம் சொல்லிவிட்டுப் போகும் வெளியாளை இவை பிடிக்காது. சொத்துப் பிரகடனமும் உதவாது, 2ஆம் பதிலில் சொன்ன ஆராய்ச்சி நிதி ஒருவருடைய சொத்தே இல்லை அல்லவா?

9. சரி, நம் வாழ்க்கையில் இது எங்கே வந்து இடிக்கிறது?

தலைக்கு மேலே பாருங்கள். கொழும்பில் எத்தனை வீடுகளுக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதலாம் வகையில் வைத்திருக்கிறது, நாம் கூரைக்குப் பாவிக்கும் வெள்ளை அஸ்பெஸ்டஸும் அதில் அடங்கும். 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி நம் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலைத் தடையும் நீங்கியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் முதன்மையான நாடு ரஷ்யா. அங்கே வேலை செய்தது வர்த்தக அழுத்தம், விஞ்ஞான ஆலோசகர் இல்லை. ஆனால் இந்த விஷயம் மீண்டும் எப்போது மேசைக்கு வந்தாலும் "பாதுகாப்பாகப் பாவித்தால் பிரச்சினை இல்லை" என்று சொல்ல ஒரு ஆய்வுக்கட்டுரையோடு யாராவது வருவார்கள். அமெரிக்காவில் ஜோர்ஜியா பசிபிக் என்ற கம்பனி, தன் மேல் அஸ்பெஸ்டஸ் வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்ததும், அவை அச்சாகும் முன் கம்பனியின் சட்டத்தரணி பார்த்துக் கருத்துச் சொன்னதும் நியூயோர்க் நீதிமன்றத்தில் 2013இல் பேசப்பட்டது. அப்படிப்பட்ட கட்டுரை நம் குழு ஒன்றின் முன் வைக்கப்பட்டால், அதைக் கொண்டுவந்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கிளைபொசேட் என்ற களைகொல்லியும் அப்படித்தான். ரஜரட்டவின் சிறுநீரக நோய்ப் பயத்தில் 2015இல் தடை, தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் தளர்வு. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பக்கமும் நிபுணர்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் 2017இல் வெளிவந்த ஆவணங்களில், அந்தக் களைகொல்லியை விற்ற மொன்சாண்டோ கம்பனி எழுதிக் கொடுத்த வரைவு வேறொருவர் பெயரில் ஃபோர்ப்ஸ் தளத்தில் வந்திருந்தது தெரிந்தது, ஃபோர்ப்ஸ் அதை நீக்கியது. மென்பானங்களுக்கு 2016இல் சீனி அளவைக் காட்ட நிற அடையாளம் வந்தது, 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. இப்படியான விதியை இறுக்குவதா தளர்த்துவதா என்று பேச்சு வந்தால் "சீனியைவிட உடற்பயிற்சிதான் முக்கியம்" என்று ஒருவர் வரலாம். அமெரிக்காவில் அதையே சொன்ன விஞ்ஞானிகள் அமைப்பொன்றுக்கு கொக்கா கோலா பணம் கொடுத்திருந்தது 2015இல் வெளியானது.

10. இது சின்ன நாடு. தொடர்பில்லாத ஆளைத் தேடினால் ஒருவரும் மிஞ்சமாட்டார்களே?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் இது உண்மை. சில துறைகளில் நாட்டில் நாலைந்து பேர்தான், அவர்களுடைய ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் பணமோ மிகக் குறைவு. கம்பனியிடம் போகாமல் எங்கே போவார்கள்?

அதனால் தொடர்பைச் சொல்வதையும் ஆளை விலக்குவதையும் ஒன்றாக்கக் கூடாது. தொடர்புள்ளவர் வரட்டும், சொல்லட்டும், கேள்விகளுக்குப் பதில் தரட்டும். ஆனால் பரிந்துரையை எழுதும் இடத்திலும் வாக்கெடுக்கும் இடத்திலும் அவர் இருக்கக் கூடாது. 5ஆம் பதிலில் பார்த்த குழுவில் அந்தப் பத்துப் பேரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வாக்கெடுப்பின்போது வெளியே இருந்திருந்தால், அவர்களின் அறிவும் கிடைத்திருக்கும், முடிவும் வேறாக இருந்திருக்கும். இன்னுமொன்று, நிபுணர் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேராதனையில் ஆளில்லை என்றால் சென்னையிலோ மெல்போர்னிலோ இருப்பவரிடம் காணொளியில் கேட்கலாம்.

11. கம்பனிகளை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? எதிர்ப்பு அமைப்புகளும் வெளிநாட்டுக் காசு வாங்குகின்றனவே?

அவர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதே படிவத்தில். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு காட்டப் பார்த்த பிரித்தானிய வைத்தியர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை ஞாபகம் இருக்கும். தடுப்பூசிக் கம்பனிகள் மேல் வழக்குப் போடத் தயாரான சட்டத்தரணிகளிடம் அவர் பணம் பெற்றுக்கொண்டிருந்தார், கட்டுரையில் சொல்லவில்லை. அதை வெளியிட்ட லான்செட் சஞ்சிகை 2010இல் அதை மீளப்பெற்றது, அதற்குள் எத்தனை பிள்ளைகள் தடுப்பூசி இல்லாமல் வளர்ந்தார்கள். கிளைபொசேட்டைப் புற்றுநோய்ப் பட்டியலில் வைத்த கூட்டத்துக்கு வெளி ஆலோசகராகப் போன ஒருவரும், பிறகு வழக்குப் போட்ட சட்டத்தரணிகளிடம் கட்டணம் பெற்றதாக வெளிவந்தது.

2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. சேதனப் பசளையும் நனோ நைதரசன் திரவமும் விற்பதும் கைத்தொழில்தான், அதிலும் கொள்முதலும் இலாபமும் உண்டு. "இயற்கை" என்ற பெயர் இருந்தால் படிவம் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம்.

12. தொடர்பைச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை, சில நேரம் கூடவும் செய்யும். கேய்ன், லோவன்ஸ்டீன், மூர் என்ற மூவர் 2005இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், தங்கள் நலனை வெளிப்படையாகச் சொன்ன ஆலோசகர்கள் அதற்குப் பிறகு இன்னும் மிகைப்படுத்திய ஆலோசனை கொடுத்தார்கள். சொல்லியாகிவிட்டது, இனிக் கேட்பவரின் பொறுப்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது போல. கேட்டவர்களும் போதுமான அளவு கழித்துக் கேட்கவில்லை.

ஆகவே படிவத்தை வாங்கிக் கோப்பில் போட்டால் வேலை முடியாது. அது சாட்சி பேசும் முன் உறுப்பினர்களின் கையில் இருக்க வேண்டும், மூன்று மொழியிலும், சமர்ப்பணத்தோடு சேர்த்துப் பொதுமக்களுக்கும் வெளியாக வேண்டும். தலைவர் அதை வாசித்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். தொடர்பில்லாத இன்னொருவரையும் அதே நாளில் கூப்பிட வேண்டும். 10ஆம் பதிலில் சொன்ன மாதிரி முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலக்கவும் வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் பயன்.

13. ஒருவர் எவ்வளவு உழைக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் இல்லையா?

பொதுவாக ஆம். யாருடைய வங்கிக் கணக்கையும் நான் கேட்கவில்லை. கேட்பது, பேசப்படும் விஷயத்தோடு சம்பந்தப்பட்ட தரப்பிடமிருந்து கடந்த சில வருடங்களில் என்ன கிடைத்தது, எதற்குக் கிடைத்தது என்பதை மட்டும். துல்லியமான தொகை சங்கடம் என்றால் இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் இடையில் என்று வீச்சாக எழுதலாம். அமெரிக்காவில் மருந்துக் கம்பனிகள் எந்த வைத்தியருக்கு என்ன கொடுத்தன என்பது 2014 முதல் இணையத்தில் பெயர் போட்டுத் தேடக் கிடக்கிறது, அங்கே வைத்தியத் தொழில் இடிந்து போகவில்லை.

14. பேராசிரியரிடம் போய் "யார் காசு தந்தது" என்று கேட்பது மரியாதையில்லையே, சேர்?

ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவமானம்தான். அதனால்தான் எல்லாரிடமும் ஒரே தாளில் கேட்க வேண்டும் என்கிறேன், மூத்த பேராசிரியரானாலும் நேற்று வந்த விரிவுரையாளரானாலும். வழமையாகிவிட்டால் யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். சர்வதேச சஞ்சிகைகளுக்குக் கட்டுரை அனுப்பும் நம் ஆய்வாளர்கள் இதை ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பதிப்பாசிரியருக்குச் சொல்வதை நம் பாராளுமன்றத்துக்கும் சொல்வதில் என்ன குறைவு?

15. பேப்பரில் "நிபுணர் கூறினார்" என்று வந்தால் நான் வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது?

அவருடைய பெயரையும் விஷயத்தையும் போட்டுத் தேடி, அவர் எழுதிய அண்மைக் கட்டுரை ஒன்றை எடுங்கள். கடைசிப் பக்கத்துக்குப் போனால் நிதி, நலன் முரண்பாடு என்று இரண்டு சின்னப் பந்திகள் இருக்கும். அமைப்பு ஒன்றின் பெயரில் பேசினால் அந்த அமைப்பின் மாநாட்டுக்கு யார் அனுசரணை என்று பாருங்கள், பதாகையிலேயே இருக்கும். இலச்சினை இருந்ததற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது, 3ஆம் பதிலை மறக்க வேண்டாம். அதே விஷயத்தில் தொடர்பில்லாத இன்னொருவர் என்ன சொல்கிறார் என்று தேட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

16. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கலாமா? என்ன எழுதுவது?

கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். அமைச்சு அமைத்த தொழில்நுட்பக் குழுவைப் பற்றியென்றால் அந்த அமைச்சின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்: "இன்ன விஷயம் தொடர்பாக நியமிக்கப்பட்ட குழுவின் உறுப்பினர் பெயர்கள், அவர்கள் சமர்ப்பித்த நலன் வெளிப்படுத்தல்களின் பிரதிகள், ஒருவர் விலகியிருந்தால் அதைக் காட்டும் கூட்டக் குறிப்பு. வெளிப்படுத்தல் கோரப்படவில்லை என்றால் கோரப்படவில்லை என்ற எழுத்து மூலப் பதில்." கடைசி வரியை விட வேண்டாம். "எங்களிடம் அப்படியொரு ஆவணம் இல்லை" என்ற பதிலே பல நேரம் முக்கியமான தகவல்.

மறுக்க அவர்கள் காட்டக்கூடிய காரணங்கள் தனிப்பட்ட தகவல், வர்த்தக இரகசியம், பாராளுமன்றச் சிறப்புரிமை. ஆனால் வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்று 5ஆம் பிரிவே சொல்கிறது. சொத்துப் பிரகடனம் கொடுத்த எம்பிமாரின் பெயர்களை ஊடகவியலாளர் ஒருவர் 2018இல் கேட்டபோது பாராளுமன்றம் மறுத்தது, வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது, 2023இல் கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்தபோது தந்த பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், திகதியை நிரூபிக்க அதைத்தான் கேட்பார்கள்.